கனமான டூரிங் பைக் மெதுவாகச் செல்லும்போது சாய்வது ஏன்? தடுக்கவும் தூக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

250 கிலோ எடையுள்ள டூரிங் பைக் ஒன்று சேலம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் வரை, அந்த எடை ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. டீக்கடை முன்பு ஓரம் கட்டும்போதும், வீட்டு வாசல் சாய்தளத்திலிருந்து பின்னோக்கி இறக்கும்போதும், கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்து வழியை அடைத்துக்கொள்ளும்போதும், வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்த மறுநொடியே எடை முழுவதும் ஒரே காலின் மீது இறங்குகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்களும் இப்படித்தான் வண்டியைச் சாய்க்கிறார்கள். நெடுஞ்சாலை அனுபவம் எவ்வளவு இருந்தாலும், நடக்கிற வேகத்தில் வண்டியைக் கையாளுவது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய திறன்.

வண்டி சாயத் தொடங்கிய பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. அதற்கு முந்தைய பத்து மீட்டருக்குள் எங்கே நிற்பது, ஹேண்டில்பார் எப்படி இருப்பது, எந்தக் காலை ஊன்றுவது என்று எடுக்கும் முடிவுகளே வண்டி நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி விழுவதற்கு முந்தைய நேரத்தைப் பற்றியதாகவும், எஞ்சிய பகுதி விழுந்த வண்டியை முதுகுக்குக் கேடின்றித் தூக்குவதைப் பற்றியதாகவும் அமைந்திருக்கிறது.

சாய்வின் கணக்கு

வேகமாக ஓடும் வண்டி பெருமளவுக்குத் தன்னைத்தானே நேராக வைத்துக்கொள்கிறது. வேகம் மணிக்கு 10 அல்லது 15 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் அந்த உதவி ஏறக்குறைய மறைந்துவிடுவதால், சமநிலை முழுவதும் ஓட்டுபவரின் பொறுப்பாகிவிடுகிறது.

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். சாமான்களுடன் 270 கிலோ எடையுள்ள வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்திலும், அதை நாம் பிடித்திருக்கும் ஹேண்டில்பார் 1 மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். டயரின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வண்டி 5 டிகிரி சாய்ந்திருக்கும்போது அதைத் தாங்க ஏறக்குறைய 14 கிலோ விசை போதும். 10 டிகிரியில் அது 28 கிலோவாகவும், 20 டிகிரியில் 55 கிலோவாகவும், 30 டிகிரியில் 80 கிலோவாகவும் உயர்ந்துவிடுகிறது. ஓட்டுபவர் இன்னும் சீட்டில் அமர்ந்திருந்தால் அவருடைய எடையும் இதனுடன் சேரும். 5 டிகிரியில் எவராலும் பிடித்து நிறுத்த முடிகிற அதே வண்டியை 20 டிகிரியில் பயில்வானாலும் பிடிக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால், "இன்னும் கொஞ்சம் பலம் இருந்திருந்தால் பிடித்திருப்பேன்" என்ற எண்ணம் மறைந்துவிடும்.

அடுத்து, திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் ஏன் வண்டி விழுகிறது என்பதையும் இதே கணக்கு விளக்குகிறது. 3 மீட்டர் ஆர வட்டத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது, வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ஏறக்குறைய 10 டிகிரி உள்பக்கம் சாய்ந்திருப்பார்கள். வட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் அந்தச் சாய்வு நிலையாக நிற்கிறது. அந்த நொடியில் முன் பிரேக் பிடிபட்டாலோ இன்ஜின் அணைந்துபோனாலோ, ஓட்டம் நின்றுவிடும். சாய்வு மட்டும் அப்படியே இருக்கும். 28 கிலோவும் ஓட்டுபவரின் எடையும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உள்பக்கக் காலில் வந்து விழும். முன் சக்கரம் திரும்பிய நிலையில் முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்ற விதி இங்கிருந்துதான் பிறக்கிறது. மெதுவேக ஓட்டத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வண்டியையும் சுமையையும் சரிசெய்தல்

எல்லாக் கனமான வண்டிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 வண்டியின் எடை 241 கிலோ, சீட் உயரம் 740 மில்லிமீட்டர். சராசரி உயரமுள்ளவரின் இரு பாதங்களும் தரையில் படியும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அட்வென்ச்சர் 268 கிலோ; அதன் சீட் 890 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதோடு, 30 லிட்டர் பெட்ரோல் டேங்கும் மேலே அமைந்திருக்கிறது. டேங்க் நிரம்பினால் 22 கிலோ அளவுக்குச் சுமை உயரத்தில் ஏறிவிடும். ஹோண்டா கோல்டு விங் டூர் 390 கிலோவுக்கு அருகில் இருந்தாலும், படுக்கை வாட்டில் அமைந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் எடையைக் கீழே வைத்திருப்பதாலும், சீட் 745 மில்லிமீட்டரே இருப்பதாலும், நிறுத்தும் இடத்தில் பலர் அஞ்சும் அளவுக்குத் தொல்லை தருவதில்லை. மொத்த எடையைவிட எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

சாமான் ஏற்றும்போதும் இதே நோக்கம் இருக்க வேண்டும். தண்ணீர், கருவிப்பை, பூட்டு, பஞ்சர் கிட் போன்ற கனமான பொருள்கள் இருபுறப் பெட்டிகளின் அடியில், முன்பக்கமாக இருக்கட்டும். மழைக்கோட்டு, துணி போன்ற லேசானவை மட்டும் சீட்டுக்குப் பின்னால் மேலே இருக்கும் டாப் பாக்ஸில் போகட்டும். டாப் பாக்ஸுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் சுமை வரம்பு பல வண்டிகளில் 5 முதல் 10 கிலோவுக்குள்தான் இருக்கும். ஊரிலிருந்து திரும்பும்போது அதில் தேங்காய் மூட்டையையோ நாட்டுச் சர்க்கரைப் பையையோ திணித்துக்கொண்டு வருவது, அடுத்த பெட்ரோல் பங்க்கிலேயே வண்டியைச் சாய்த்துவிடக்கூடும்.

உயரம் குறைந்தவர்கள் இரு கால்களும் எட்ட வேண்டும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு பாதங்களின் நுனியில் தத்தளித்து நிற்பதைவிட, சீட்டில் சற்று இடது பக்கம் நகர்ந்து, இடது பாதத்தை முழுமையாக ஊன்றி, வலது கால் பின் பிரேக்கில் இருப்பதே உறுதியான நிலை. பிடிப்பான ரப்பர் அடியும் கணுக்கால் காப்பும் உள்ள பூட்ஸ் கட்டாயம். செருப்புடன் கனமான வண்டியை நிறுத்துபவர் தன் கணுக்காலைப் பணயம் வைக்கிறார்.

பிரேக் மற்றும் கிளட்ச் லீவர்களை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கும் கிளாம்புகளை இரும்புப் பிடியாக இறுக்காமல், ஓட்டும்போது அசையாத, ஆனால் கையால் பலமாகத் திருப்பினால் திரும்பும் அளவுக்கு வைத்தால், வண்டி விழும்போது லீவர் உடைவதற்குப் பதிலாகச் சுழன்றுவிடும். சிறிய வேலைதான், நெடும்பயணத்தில் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

உலர்களத்தில் பயிற்சி

காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிப் பகுதிகளில் கொப்பரை காயவைக்கும் பெரிய சிமெண்ட் உலர்களங்கள் உண்டு. கொப்பரை இல்லாத நாளில், உரிமையாளரிடம் அனுமதி கேட்டுப் பெற்றுக்கொண்டால், இதைவிட நல்ல பயிற்சி மைதானம் கிடைக்காது. தரை சமமாக இருக்கும், போக்குவரத்து இருக்காது, விழுந்தாலும் குழி பறிக்காது. எண்ணெய்ப் பசை படிந்த இடங்கள் இருக்கின்றனவா என்று முதலில் நடந்து பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்களம் கிடைக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் காலியாக இருக்கும் கல்லூரி மைதானத்தையோ சந்தைத் திடலையோ அனுமதியுடன் பயன்படுத்தலாம். பெட்டிகளைக் கழற்றிவிட்டு, டேங்க்கில் பாதி அளவு பெட்ரோலுடன் தொடங்குங்கள். உதவிக்கு ஒருவர் உடன் இருக்கட்டும்.

முதல் பயிற்சி கிளட்சைப் புரிந்துகொள்வது. வண்டியை முதல் கியரில் வைத்து, ஆக்சிலேட்டரை மிகச் சிறிதளவு திறந்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் அந்தக் குறுகிய இடைவெளியை விரல்களால் தேடுங்கள். நாம் ஆஃப் கிளட்ச் (அரை கிளட்ச்) என்று சொல்லும் அந்த இடத்தில் விரல்களை நிறுத்தி, வண்டியை முன்னே அரை மீட்டர் நகர்த்தி, மீண்டும் கிளட்சைப் பிடித்து நிறுத்துங்கள். கை தானாக அந்த இடத்தைக் கண்டுகொள்ளும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆஃப் கிளட்சில் ஓட்டினால் பிளேட் கருகிவிடும் என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பது காரணமின்றி அல்ல. ஆயினும் எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈரக் கிளட்ச், இத்தகைய குறுகிய மெதுவேகப் பயன்பாட்டைத் தாங்கும்; இன்றைய பெரும்பாலான டூரிங் வண்டிகளில் இருப்பது அதுவே. இருபுறமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளில் இருந்த உலர் கிளட்ச் விரைவில் சூடேறும் என்பதால், அவற்றில் பயிற்சியை இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும்.

இரண்டாவது பயிற்சியில் மூன்று உறுப்புகளை ஒன்றாக இயக்க வேண்டும்: ஆக்சிலேட்டர் ஒரே அளவில் திறந்திருக்கும், கிளட்ச் பாதி பிடித்த நிலையில் இருக்கும், பின் பிரேக் மெல்ல உரசிக்கொண்டிருக்கும். இன்ஜின் முன்னே தள்ள, பின் பிரேக் பிடித்து நிறுத்த, இரண்டுக்கும் இடையில் வண்டி விறைப்பாக நிமிர்ந்து நகரும். நடந்து செல்பவருக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் 20 மீட்டர் தூரம் நேர்கோட்டில் செல்ல முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பின் பிரேக்கை மட்டுமே பயன்படுத்துங்கள். ஆக்சிலேட்டரைத் திடீரென்று மூடினால் வண்டி உதறி, சமநிலை கலையும்.

மூன்றாவது, எட்டு போடுவது. ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஸ்கூட்டரிலோ சிறிய வண்டியிலோ போட்ட அதே எட்டை, இப்போது கனமான வண்டியில் போட வேண்டும். காலி தண்ணீர் பாட்டில்களை அடையாளமாக வையுங்கள். பெரிய வட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது குறுக்குங்கள். இருவழிச் சாலை ஒன்றின் அகலமான 7 மீட்டருக்குள் முழுமையாகத் திரும்ப முடிவது நல்ல இலக்கு.

இதில் கண்ணின் பங்கு பெரியது. முன் சக்கரத்தையோ பாட்டிலையோ பார்த்தால் வண்டி அங்கேயேதான் போகும். முகத்தைத் தோள்பட்டைக்கு மேலாகத் திருப்பி, வட்டம் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். உடலை வட்டத்தின் வெளிப்பக்கம் சற்று நகர்த்தி, வண்டியை மட்டும் உள்பக்கம் சாய விடுங்கள். வேகமான வளைவில் செய்வதற்கு இது நேர் எதிரானது என்பதால் முதலில் தயக்கம் இருக்கும். வட்டத்தின் நடுவில் வண்டி உள்ளே விழுவதுபோல் தோன்றினால், பிரேக்கைத் தேடாமல் கிளட்சைச் சற்று விட்டுக்கொடுத்து இன்ஜினின் இழுப்பைச் சேர்க்க வேண்டும். வண்டி தானே நிமிரும். இந்த ஒரு அனிச்சைச் செயல் பழகும் வரை உலர்களத்தை விட்டு வெளியேற அவசரப்பட வேண்டாம்.

நிறுத்தும் முறை

நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பாகவே தரையைப் பாருங்கள்: சரளை, மணல், எண்ணெய்க் கறை, குழி, தார்ச்சாலையின் உடைந்த விளிம்பு. இடது கால் இறங்கும் இடம் சக்கரம் நிற்கும் இடத்தைவிடத் தாழ்வாக இருந்தால், அங்கே நிற்கக் கூடாது. அரை மீட்டர் முன்னதாகவோ பின்னதாகவோ நிற்பது இலவசம். வேகத்தின் பெரும்பகுதியை இரு பிரேக்குகளாலும் நேர்கோட்டில் குறைத்துவிட்டு, கடைசி இரண்டு மீட்டரில் முன் பிரேக்கை முழுமையாக விட்டுப் பின் பிரேக்கால் மட்டும் நிறுத்துங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும்; பார்வை சாலையின் தொலைவில் இருக்க வேண்டும். சக்கரம் நின்ற பிறகே இடது கால் இறங்க வேண்டும்; வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கால்களைத் தொங்கவிட்டுத் தரையில் தேய்ப்பது, கணுக்கால் பின்னால் மடங்குவதற்கு வழி. முன் லீவரைப் பிடித்தாலே இரு சக்கரங்களும் பிடிக்கும் வண்டிகளில் இந்தக் கடைசி இரண்டு மீட்டர் விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

பின்னால் அமர்பவர் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி எளிதில் சாயும். ஓட்டுபவர் இரு கால்களையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, ஹேண்டில்பாரை நேராக வைத்து, "ஏறுங்க" என்று சொன்ன பிறகே அவர் ஏற வேண்டும். பக்கவாட்டில் அமரும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம், பெட்டிகள் மாட்டிய டூரிங் வண்டியில் செல்லாது. எடை முழுவதும் ஒரு பக்கம் சேர்வதோடு, கால் வைக்கவும் அங்கே இடம் இருக்காது. இருபுறமும் கால் போட்டு அமரத் தோதான உடையில் வரச் சொல்வதைக் கூச்சமின்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் வண்டி சாயும் இடங்கள்

வீட்டு வாசல் சாய்தளம்தான் முதலாவது. தெருவைவிட உயர்த்திக் கட்டிய வீடுகளின் முன்பு செங்குத்தாக இறங்கும் சிமெண்ட் சாய்தளத்தில், வண்டியை மேலிருந்து பின்னோக்கி இறக்கும்போது ஹேண்டில்பாரைத் திருப்பிக்கொண்டு முன் பிரேக்கைப் பிடிப்பவர்கள் அங்கேயே சாய்க்கிறார்கள். இரவே வண்டியைத் தெருவை நோக்கி நிறுத்தி வைப்பது இந்தத் தொல்லையை முழுவதும் நீக்கிவிடும்.

பெட்ரோல் பங்க்கில் வழவழப்பான தரையும் சிந்திய டீசலும் இருக்கும். பெட்ரோல் நிரம்பியதும் எடை மேலே ஏறியிருக்கும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். வெளியே போகும் வழி உடனே இடப்பக்கம் திரும்பும். சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கி நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரை நேராக வைத்து இரண்டு மீட்டர் நேராகச் சென்ற பிறகே திருப்புங்கள்.

சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அவற்றுக்கென ஓரத்தில் விடப்படும் குறுகிய வழியில் மணலும் வேகத்தடையும் சேர்ந்தே கிடப்பதுண்டு. விஜயமங்கலம், கணியூர் போன்ற இடங்களைக் கடக்கும்போது, பெட்டிகளின் அகலம் கைப்பிடிகளின் அகலத்தைவிட அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலைகளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70 என்று நம் கொங்குப் பகுதியைச் சுற்றி மெதுவேகத் திறனைச் சோதிக்கும் சாலைகள் நிறைய இருக்கின்றன. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது வரும் இடப்பக்க வளைவுகளில் நம் பாதை உள்விளிம்பை ஒட்டி அமைகிறது. அங்கே வளைவும் குறுகல், ஏற்றமும் செங்குத்து. திம்பம் மலைப்பாதையில் நீளமான சரக்கு லாரி ஒன்று கீழே இறங்கித் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வளைவுக்குள் நுழைந்த பிறகு அதைச் சந்தித்தால், சாய்ந்த நிலையில், ஏற்றத்தில், இன்ஜின் திணற, நிற்க வேண்டியிருக்கும். ஆகவே வளைவுக்கு 20 மீட்டர் கீழே, நேரான பகுதியிலேயே மேலே பாருங்கள். ஹாரன் ஒலிக்குக் காது கொடுங்கள். பெரிய வாகனம் வருவது தெரிந்தால் அங்கேயே நேராக நின்று, அது முழுவதும் இறங்கிய பிறகு முதல் கியரில் ஏறுங்கள். ஏறும் வாகனத்துக்கு முன்னுரிமை உண்டு என்பது உண்மைதான்; ஆனால் அந்த உரிமையை 260 கிலோ வண்டியில் வளைவின் நடுவே நின்று நிலைநாட்டப் பார்ப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

ஏற்றத்தில் நிறுத்த நேர்ந்தால் வலது கால் பின் பிரேக்கை விடக் கூடாது. புறப்படும்போது ஆஃப் கிளட்சில் இன்ஜின் ஒலி தாழ்ந்து, வண்டி முன்னே செல்லத் துடிப்பதை உணர்ந்த பிறகே பிரேக்கை விடுங்கள். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருண்டு வருவது தவறு. முதல் கியரின் இழுப்பும் பின் பிரேக்கும் சேர்ந்தே வளைவைக் கடக்க வேண்டும். வால்பாறைப் பாதையில் காட்சி பார்க்க நிற்கும் இடங்களில் சாலையோரம் சரளை பரவியிருப்பதும், மற்ற வாகனங்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதும் வழக்கம். அங்கே சாலையிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் விளிம்பைச் சாய்வாகக் கடக்காமல், கூடிய வரை நேராகக் கடக்க வேண்டும்.

நிறுத்திவைத்த வண்டியும் ஆடிக் காற்றும்

ஓட்டும்போது விழாத வண்டி, நிறுத்திவைத்த பிறகு விழுவதும் உண்டு. உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதையும். சித்திரை வெயிலில் இளகிய தாரிலும் அப்படியே. உள்ளங்கை அளவுள்ள தட்டையான பலகை ஒன்றில் துளையிட்டுக் கயிறு கட்டி வைத்துக்கொண்டால், ஸ்டாண்டின் அடியில் போட்டு, புறப்படும்போது சீட்டில் அமர்ந்தபடியே கயிற்றை இழுத்து எடுத்துக்கொள்ளலாம். சரிவில் நிறுத்தும்போது முன்பக்கம் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். வண்டி முதல் கியரில் இருக்க வேண்டும். பள்ளத்தை நோக்கி நிறுத்தினால் வண்டி முன்னே உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து பல்லடம், உடுமலைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனி, ஆடி மாதங்களில் நிறுத்திவைத்த வண்டியையும் புரட்டிவிடும் வலிமை உள்ளது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. சைடு ஸ்டாண்டு வண்டியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. எனவே வண்டியின் முகம் தெற்கு நோக்கி இருந்தால், காற்று வலப்பக்கத்தில் மோதி வண்டியை ஸ்டாண்டின் மீதே அழுத்தும். வடக்கு நோக்கி நிறுத்தினால் அதே காற்று இடப்பக்கத்தில் மோதி வண்டியை ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி வலப்பக்கம் தள்ளும். அந்த மாதங்களில் திறந்த வெளியில் வண்டிக்கு உறை போடாமல் இருப்பதே நல்லது; பெரிய உறை பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொள்கிறது.

சாயத் தொடங்கினால்

முதல் சில டிகிரிக்குள், கால் உறுதியாக ஊன்றியிருந்தால், இடுப்பை வண்டியோடு ஒட்டி ஒரே தள்ளில் நிமிர்த்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். மேலே பார்த்த கணக்கு இங்கே உயிருள்ள உண்மையாகிறது: பிடித்துக்கொண்டே போராடும் ஒவ்வொரு நொடியிலும் சுமை கூடுகிறது, அந்தச் சுமையை முழங்கால் மூட்டும் கீழ்முதுகும் சுமக்கின்றன. உடைந்த லீவருக்கு விலை உண்டு. கிழிந்த மூட்டுத் தசைநார் மாதக்கணக்கில் படுக்க வைக்கும்.

விடுவதற்கும் முறை உண்டு. கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை மூடி, சாயும் பக்கத்துக் காலை வண்டியிலிருந்து விலக்கி வெளியே எடுத்து வைத்து, ஹேண்டில்பாரைக் கடைசி வரை பிடித்தபடி வேகத்தைச் சற்றுக் குறைத்து இறக்கி, பிறகு நகர்ந்துவிடுங்கள். விழும் வண்டியின் அடியில் காலைக் கொடுத்துத் தாங்க முயல்வது பேராபத்து. கெட்டியான அலுமினியப் பெட்டி கெண்டைக்காலைத் தரையோடு நசுக்கிவிடும். விழும்போது இன்ஜினைக் காக்கும் இரும்புக் குழாயான கிராஷ் கார்டு இருக்கும் வண்டிகளில் பெட்டிக்கும் கார்டுக்கும் இடையில் சிறிது இடைவெளி கிடைக்கும் என்றாலும், அதை நம்பிக் காலை விடக் கூடாது.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறை

உடனே தூக்க ஓடாதீர்கள். வெட்கமும் பதற்றமும் சேர்ந்த அந்த முதல் நிமிடத்தில்தான் பலர் முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதலில் உங்கள் கால், கை, மணிக்கட்டு நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அழுத்தி, சாவியையும் அணைத்துவிடுங்கள். பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் அருகில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவில் விழுந்திருந்தால், மேலேயும் கீழேயும் வாகனங்களை எச்சரிக்க ஒருவரை நிறுத்துவதே முதல் வேலை.

கொங்கு நாட்டுச் சாலையில் வண்டி விழுந்தால் டீக்கடையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வருவார்கள். அந்த அன்பு பெரிய பலம். ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் இண்டிகேட்டரும் கண்ணாடியும் கையோடு வந்துவிடும். "இருங்கண்ணா, ஒரு நிமிசம், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்னுக்குங்க" என்று பணிவாகச் சொல்லி நீங்களே வழிநடத்த வேண்டும். ஒருவர் ஹேண்டில்பாரையும், இன்னொருவர் பின்பக்க இரும்புக் கைப்பிடியையும் பிடிக்க, மூன்றாமவர் எதிர்ப்பக்கம் நின்று, வண்டி நிமிர்ந்து மறுபக்கம் விழாமல் தாங்க வேண்டும். சைலன்சர் சுடும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

யாரும் இல்லாத இடத்தில் ஒருவரே தூக்கும் முறை பின்வருமாறு. வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், இப்போதே சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு, முதல் கியரில் போடுங்கள். நிமிர்ந்த வண்டி மறுபக்கம் சாய்ந்தால் ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும். இடப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டும் கியர் லீவரும் அடியில் சிக்கியிருக்கும். அப்போது முன் பிரேக் லீவரைக் கயிற்றாலோ ரப்பர் பட்டையாலோ கைப்பிடியோடு கட்டிவிட்டால் சக்கரம் உருளாது. பெட்டிகள் கழற்றக்கூடியவை என்றால் கழற்றி எடையைக் குறையுங்கள்.

பிறகு, விழுந்த பக்கம் நோக்கி ஹேண்டில்பாரை முழுமையாகத் திருப்புங்கள். கீழே இருக்கும் கைப்பிடி டேங்க்கை நெருங்கி வரும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பின்புறம் படும்படி நன்றாகக் குந்துங்கள். ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும், மறு கையால் சீட்டுக்குக் கீழே இருக்கும் சட்டத்தையோ பின்னால் இருக்கும் உறுதியான கைப்பிடியையோ பிடியுங்கள். முதுகெலும்பு நேராக, தலை நிமிர்ந்து, கைகள் நீட்டியபடி இருக்க வேண்டும். இப்போது கைகளால் தூக்காமல், தொடைகளின் பலத்தால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு, சிறிய சிறிய அடிகளாகப் பின்னால் நடங்கள். முதல் 30 டிகிரி மிகவும் கடினம். அதன் பிறகு ஒவ்வொரு அடியிலும் சுமை குறைந்துகொண்டே வரும். நிமிரும் தறுவாயில் வேகத்தைக் குறைக்காவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். இடப்பக்கம் விழுந்த வண்டி நிமிர்ந்ததும், இடுப்பால் அதை அணைத்துப் பிடித்தபடி காலால் ஸ்டாண்டைத் தட்டி வெளியே எடுங்கள்.

சரிவில் சீட் பள்ளத்தை நோக்கியும் சக்கரங்கள் மேட்டை நோக்கியும் கிடந்தால், எவ்வளவு முயன்றாலும் தூக்க முடியாது. வண்டியைக் கார்டின் மீது மெல்லச் சுழற்றி, சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வருமாறு திருப்பிய பிறகு முயலுங்கள். இரண்டு முறை முயன்றும் எழவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்து, யாராவது வரும் வரை காத்திருங்கள். மூட்டு வலியோ முதுகு வலியோ ஏற்கெனவே உள்ளவர்கள் தனியாகத் தூக்க முயலவே கூடாது.

மீண்டும் புறப்படுவதற்கு முன்

பல வண்டிகளில் சாய்வை உணரும் சென்சார் இன்ஜினை அணைத்துவிடும். சாவியை அணைத்து மீண்டும் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். நிமிர்த்திய உடனே ஸ்டார்ட் செய்யாமல் சில நிமிடங்கள் விட்டால், இடம் மாறிய இன்ஜின் ஆயில் மீண்டும் கீழே இறங்கும். ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் நீலப் புகை வந்து அடங்கினால் கவலை இல்லை. ஆயில் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். அது தானாகச் சட்டென்று திரும்பி மூட வேண்டும். விழுந்த வேகத்தில் கைப்பிடியின் நுனி உள்ளே தள்ளப்பட்டு, ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, வயர் எதுவும் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். முன் பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். கியர் லீவரும் பின் பிரேக் மிதியும் உள்ளே வளைந்திருந்தால், முழு அசைவு கிடைக்கிறதா என்று கையாலேயே சோதியுங்கள். சிலிண்டர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாக்ஸர் வண்டிகளில், சிலிண்டர் மூடியில் விரிசலோ ஆயில் கசிவோ இருக்கிறதா என்று துணியால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் நீர், பிரேக் ஆயில், பெட்ரோல் என்று எது சொட்டினாலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் மலைச்சாலையில் இறங்கக் கூடாது. சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு எடுத்திருப்பவர்கள், வண்டி கிடந்த நிலையையும் சேதத்தையும் படம் எடுத்து, பழுதுபார்க்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நெடும்பயணத்தில் ஒரு கிளட்ச் லீவர், ஒரு பிரேக் லீவர், ஒரு கியர் லீவர், அவற்றைக் கழற்றும் ஸ்பேனர், இரண்டு மீட்டர் கயிறு, ரப்பர் பட்டை, ஸ்டாண்டுக்கான பலகை ஆகியவற்றைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்தாலும் பெரிய சுமையாகாது. புறப்பட்ட பிறகு, முதல் ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, நேரான சாலையில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படி நின்றால், முன் ஃபோர்க் அதன் கிளாம்புகளுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்கி மீண்டும் இறுக்கத் தெரிந்த மெக்கானிக்கை அடுத்த ஊரிலேயே பார்த்துவிடுவது நல்லது.